சிவகளை தெரியும், கொடியங்குளம் தெரியாது

தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு 5300 ஆண்டுக்கு முந்தைய சங்கதி தெரியும். 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றி முதலமைச்சர் அறிவித்ததிலிருந்து சிவகளை எல்லோருக்கும் தெரிந்த ஊராகிவிட்டது. ஆதிச்சநல்லூர் தாழி தெரியும். கொற்கையில் முத்துக் குளித்ததும் அந்த முத்து ரோமாபுரி வரை போனதும் தெரியும். பெருமைப்பட வேண்டியவைதான், மறுக்கவில்லை. அதே பிள்ளையிடம் கொடியங்குளம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "கர்ணன் படத்துல வருமே, அந்த ஊரா?" என்று வரும்.

அது 1995. அந்தப் பிள்ளையின் அப்பா டவுசர் போட்டுத் திரிந்த காலம். 5300 ஆண்டு தூரத்தில் நடந்தது கைக்கு எட்டுகிறது, 30 ஆண்டு தூரத்தில், ஒரு பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஊரில் நடந்தது எட்டவில்லை. இது தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

பாடப்புத்தகத்தைக் குறை சொல்லி முடித்துவிடலாம். நியாயமாகப் பார்த்தால் அதுவும் முன்பைவிட மாறியிருக்கிறது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்குள் வந்துவிட்டார்கள். நம் தலைமுறைக்கு அதுகூட வாய்க்கவில்லை. ஆனால் அந்தப் பாடங்களில் நம் மக்கள் விடுதலைக்கு முன்பு வாழ்ந்து, போராடி, கோரிக்கை மனு கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சாதி என்பது சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஒன்றாக, ஒரு மதிப்பெண் கேள்வியாகிவிடுகிறது. பதினேழாம் சட்டப்பிரிவு எதைப் பற்றியது? தீண்டாமை ஒழிப்பு. சரி, அடுத்த கேள்வி.

ஆகவே ஒரு தலித் பிள்ளை தன் நாட்டின் அண்மைக் கால வரலாற்றைப் படிப்பது பெரும்பாலும் விடுமுறையில்தான். யாரும் திட்டமிட்டுச் சொல்லிக்கொடுக்காமலே படிக்கிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி சாத்துகிறார்கள். தூத்துக்குடியைச் சுற்றி அதுதான் உப்பு விளையும் காலம். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் அளத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஆச்சியோடு இருக்கும். அல்லது ஆச்சி வீட்டுக்கு ஊருக்குப் போகும். அங்கே திண்ணையில் யாரோ எதையோ பேசிக்கொண்டிருந்து, பிள்ளை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அந்த நிறுத்தலிலிருந்துதான் பிள்ளைக்குப் பாடம் தொடங்குகிறது: இங்கே சொல்லக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

மிச்சத்தை செல்போன் சொல்லிக்கொடுக்கிறது. முப்பது நொடி ரீல்ஸ், வாள், சிங்கம், பின்னணியில் பறைக்குப் பதில் ஏதோ இரைச்சல், "ஆண்ட பரம்பரை" என்று ஒரு வரி. எதிர்த் தரப்பில் ஓடும் அதே ரீல்ஸ், கொடியின் நிறம் மட்டும் வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி வரை பேசியது. பிள்ளைகளுக்குச் சாதியைப் பற்றிப் பேசலாமா என்று நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் சாதி ஏற்கெனவே பேசிவிட்டது. யாரிடமிருந்து, எந்த வடிவத்தில் கேட்பார்கள் என்பது மட்டும்தான் நம் கையில் மிச்சமிருக்கிறது.

விடுமுறை வகுப்பில் ஒரு சிறுமி தன் அம்மாவின் சாதிச் சான்றிதழைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல மாவட்டத்தைத் தப்பா அடிச்சிருக்காங்க" என்றாள். வட்டம் ஓட்டப்பிடாரம் சரி. மாவட்டம் என்ற இடத்தில் சிதம்பரனார் என்று இருந்தது. அவளைப் பொறுத்தவரை அது அச்சுப்பிழை.

பிழை இல்லை. 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது இந்த மாவட்டத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர்தான். ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர், 1906இல் ஆங்கிலேயனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், பெயர் பொருத்தம்தான். பிறகு அந்தப் பெயர் ஏன் போனது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் ஒரு பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் அண்மைக் கால வரலாறு பாதி புரிந்துவிடும்.

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அப்போது ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு பெயர் உண்டு. சேரன், பாண்டியன், பல்லவன், திருவள்ளுவர், திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன். புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையின் தளபதி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், தேவேந்திரர். அவ்வளவுதான். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம். பேருந்துகள் உடைந்தன, உயிர்கள் போயின. கட்டபொம்மன் பெயர் எழுதிய பேருந்தில் அத்தனை வருடம் ஏறியவர்களுக்கு, கட்டபொம்மனுக்காகச் செத்தவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏற முடியவில்லை.

அரசு என்ன செய்தது? ஏறாதவன் நடந்து போகட்டும் என்று சொல்லவில்லை. எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. 1997 ஜூலையில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் மொத்தமாக நீக்கப்பட்டது. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் வேலூர் ஆனது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. ஒரு தலித்தின் பெயரை இரண்டு மாதம் பேருந்தில் வைத்திருக்க முடியாமல் தமிழ்நாட்டின் வரைபடத்தையே திருத்தி எழுதினார்கள். நடுநிலை என்று அதற்குப் பெயர்.

வ.உ.சி.க்கு ஒரு வழி பிறந்தது. 2011இல் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். துறைமுக வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சுந்தரலிங்கம் பெயரைத் தாங்கிய கழகம் எங்கே என்று கேட்க அவர்களுக்கு ஒரு துப்பும் இல்லை, பெட்டியில் கிடக்கும் அம்மாவின் சான்றிதழைத் தவிர.

இப்போது கொடியங்குளத்துக்கு வருவோம்.

1995 ஜூலையில் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறில் தொடங்கிய சாதிக் கலவரம் தென் மாவட்டங்களில் பரவிக்கொண்டிருந்தது. (இதிலும் பேருந்துதான். பேருந்தில் யார் உட்காருவது, அது எந்த ஊரில் நிற்பது, அதன் நெற்றியில் யார் பெயர் இருப்பது என்பதை வைத்தே இந்தப் பகுதியின் வரலாற்றை எழுதிவிடலாம்.) ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை. சுமார் 600 போலீசார் கொடியங்குளத்துக்குள் நுழைந்தார்கள். ஊர் முழுக்க தேவேந்திரர்கள். கலவரத்தின்போது போலீஸ் நுழைந்தது என்று ஒரே வரியில் சொன்னால் பிள்ளை அதைச் சினிமாச் சண்டையாகத்தான் கற்பனை செய்துகொள்ளும். ஆகவே என்னென்ன உடைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

கொடியங்குளத்து இளைஞர்கள் துபாய்க்கும் குவைத்துக்கும் போய்ச் சம்பாதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் வீடு எழும்பியது, டிவி வந்தது, மின்விசிறி வந்தது, தையல் மிஷின் வந்தது, டிராக்டர் வந்தது. போலீஸ் தேடித் தேடி உடைத்தது அவற்றைத்தான். தானியத்தைக் கொட்டினார்கள். துணிமணியைக் குவித்துக் கொளுத்தினார்கள். குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்தவர்களின் சான்றிதழ்களையும் எரித்தார்கள்.

இங்கே நிறுத்தி, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆயுதம் தேடி வந்த போலீஸ் சான்றிதழை ஏன் எரிக்கிறது? பாஸ்போர்ட் ஆயுதமா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதற்குச் சொல்லும் பதில் பல ஆய்வாளர்களின் பதிலைவிடச் சுருக்கமாக இருக்கும்: "முன்னேறிருவாங்கன்னுதான்." அதுவேதான். பட்டினி கிடந்த சேரிக்குள் அவ்வளவு வன்மத்தோடு யாரும் நுழைவதில்லை. பண்ணையாரிடம் கைகட்டி நிற்கத் தேவையில்லாமல் போன ஊர் அது. கடல் கடந்து சம்பாதித்தவன் திரும்பவும் கடல் கடக்க முடியாமல் செய்வதுதான் பாஸ்போர்ட்டை எரிப்பதன் பொருள். முத்தும் உப்பும் கப்பல் ஏறிய இந்தக் கரையிலிருந்து நம் ஆட்கள் மட்டும் போகக்கூடாது என்றால் எப்படி?

கலவரம் என்ற சொல்லில் இரண்டு பக்கமும் சமமாகக் கைகலந்ததுபோல ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. எதிரே நின்றது அரசின் சீருடை. சேதத்தில் கிடந்தது தையல் மிஷின். இதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும், ரீல்ஸ் வீரம் தானாக உதிரும். கொடியங்குளத்தின் பெருமை வாளில் இல்லை. விசா வாங்கிப் போனதிலும் பிள்ளையைப் படிக்க வைத்ததிலும் இருந்தது. எதிரி அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான்.

தேதி விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் தேதியில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். 2021 ஏப்ரலில் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. படம் கொடியங்குளம் என்று பெயர் சொல்லவில்லை, ஆனால் எந்த ஊர் என்று தென் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கதை நடக்கும் காலம் 1997 என்று முதலில் காட்டினார்கள். உடனே சர்ச்சை. சம்பவம் நடந்தது 1995, அ.தி.மு.க. ஆட்சி. 1997 என்று போட்டால் பழி தி.மு.க. ஆட்சிக்குப் போகிறது. பிறகு அது '90களின் பிற்பகுதி' என்று மாற்றப்பட்டது. அதுவும் 1995 ஆகவில்லை. ஒரு ஊர் எரிந்தது பற்றிய விவாதம், எந்தக் கட்சி ஆட்சியில் எரிந்தது என்ற விவாதமாக முடிந்தது. எரிந்தவர்களிடம் யாரும் தேதி கேட்கவில்லை. படத்தின் மீது நமக்குக் கோபம் இல்லை, இத்தனை பிள்ளைகளின் வாயில் அந்த ஊரின் பேச்சை வரவைத்தது அந்தப் படம்தான். ஆனால் படம் கதவைத் திறக்கும், அவ்வளவே. உள்ளே போய்த் தேதி பார்ப்பது நம் வேலை.

கட்சிக்காரர்கள் இந்த விளையாட்டை விளையாடட்டும், பிள்ளைகளுக்கு முழுப் பட்டியலையும் கொடுத்துவிடுவோம். கொடியங்குளம் 1995, அ.தி.மு.க. பெயர் நீக்கம் 1997, தி.மு.க. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணியில் 17 பேர் செத்தது 1999 ஜூலை 23, தி.மு.க. அந்த 17 பேரில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் துப்பாக்கிச் சூடு 2011 செப்டம்பர் 11, அ.தி.மு.க. இதைக் கேட்ட பிள்ளை, "அப்ப யாருதான்ணே நல்லவங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாள் அந்தக் கேள்வியோடு இருக்கட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு கமிஷன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கமிஷன் என்றால் நிலத் தரகர் வாங்குவது. விசாரணை ஆணையம் என்று விளக்கினால், "அவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?" என்பார்கள். தாமிரபரணி விஷயத்தில் நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. தண்ணீருக்குள் அவர்களைத் துரத்தியது யார் என்பது தனிக் கேள்வி. ஆணைய அறிக்கையை வாசிக்கப் பழகுவது ஒரு கல்லூரி மாணவருக்கு நாம் தரக்கூடிய நல்ல விடுமுறை வேலை. எந்தச் சொல் எதை மறைக்கிறது என்று அதில் தெரியும்.

தூத்துக்குடிப் பிள்ளைகள் எல்லோருக்கும், சாதி வேறுபாடின்றி, தெரிந்த அண்மைக் கால நாள் ஒன்று உண்டு. 2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 17 வயது மாணவியும் அதில் ஒருவர். பள்ளி விடுமுறைக் காலம் அது. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், சத்தம் கேட்டார்கள், இன்டர்நெட் நாள்கணக்கில் முடக்கப்பட்டதைப் பார்த்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் போலீசைக் குற்றம் சாட்டியதும் வீட்டில் பேசப்பட்டது. இந்த ஊர் அந்த நாளை மறைக்கவில்லை. மீனவக் குடும்பமும் வியாபாரியும் உப்பளத் தொழிலாளியும் அதைத் தங்கள் இழப்பாகப் பேசுகிறார்கள். அது சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். அதே மாவட்டம் 1995 ஆகஸ்ட் 31ஐ அப்படிப் பேசுகிறதா? ஊரின் துக்கம் என்றும் சேரியின் துக்கம் என்றும் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்றை எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள், மற்றதை அந்தத் தெருக்காரர்கள்கூடச் சொல்வதில்லை.

அவர்கள் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. "படிக்கிற பிள்ளை, மனசுல எதுக்கு இதெல்லாம்? கேசு கீசுன்னு போயிரக் கூடாது" என்று சொல்லும் தாயிடம் நாம் விவாதத்துக்குப் போகக்கூடாது. எரிந்த சான்றிதழைத் திரும்ப வாங்க அலைந்த தலைமுறை அது. தன் பிள்ளையின் சான்றிதழை எரியாமல் காப்பாற்றுவதுதான் அவர்களுக்கு அரசியல். நாம் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: நீங்கள் சொல்லாவிட்டால் வேறொருவன் சொல்வான், அவன் அரிவாளோடு சேர்த்துச் சொல்வான்.

தென்னாப்பிரிக்காவில் ஜூன் 16 பொது விடுமுறை. 1976இல் சொவேட்டோவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்ட நாள். அந்த நாளை அந்த நாடு இளைஞர் நாளாக்கி, பள்ளிக்கு விடுமுறை விட்டது. அங்கே ஒரு பிள்ளை "இன்னைக்கு ஏன் லீவு?" என்று கேட்டாலே பாடம் தொடங்கிவிடும். நம் அரசு ஆகஸ்ட் 31க்கோ ஜூலை 23க்கோ விடுமுறை விடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. இரண்டுமே பள்ளி நடக்கும் நாட்கள். ஆகவே நம்மிடம் இருப்பது மே மாதம்தான்.

அந்த மே மாதத்தைக் கோடை முகாம் நடத்தும் தோழர்கள் பலர் ஸ்போக்கன் இங்கிலீஷிலும் தலைவர் பட ஊர்வலத்திலும் தீர்த்துவிடுகிறார்கள். இங்கிலீஷ் வேண்டும், ரொம்ப வேண்டும். ஆனால் ஒரு நாளை ஓட்டப்பிடாரம் பக்கம் போக ஒதுக்குங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை, ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. வீடு, கவர்னகிரியில் சுந்தரலிங்கம், அந்த வட்டாரத்திலேயே கொடியங்குளம். பள்ளிச் சுற்றுலா முதல் இரண்டோடு திரும்பிவிடும். நாம் அங்கிருந்து தொடங்கலாம்.

மணியாச்சியைக் கடந்தால் பிள்ளைகள் 1911ஐயும் வாஞ்சிநாதனையும் ஆஷையும் சொல்வார்கள், பாடத்தில் படித்தது. அப்போது நம் தோழர்களில் ஒருவர், ஒரு தலித் பெண்ணை அக்ரகாரம் வழியே வண்டியில் அனுப்பியதற்காகத்தான் ஆஷ் கொல்லப்பட்டார் என்ற கதையைச் சொல்ல வாயெடுப்பார். அதற்கான சமகால ஆவணத்தை நாம் எங்கும் பார்த்ததில்லை. சொல்லாதீர்கள். நமக்கு நடந்த உண்மையே வண்டி வண்டியாகக் கிடக்கும்போது, வாட்ஸ்அப்பில் வந்ததைச் சேர்த்தால் ஒரு பொய்க்காக நூறு உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

புறப்படுமுன் பிள்ளைகளை வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். 1997க்கு முந்தைய எந்தக் காகிதமானாலும் சரி, சாதிச் சான்றிதழ், பத்திரம், பழைய ரேஷன் கார்டு. மாவட்டம் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் போட்டோ எடுக்கட்டும், அசலைக் கொண்டுவர வேண்டாம். கொடியங்குளத்துக்குக் கூட்டமாகப் போய் இறங்கி, கிணறு எங்கே என்று கேட்டு செல்ஃபி எடுக்கக்கூடாது. முதலில் பெரியவர்கள் இரண்டு பேர் தனியாகப் போய், ஊர்க்காரர்களிடம் பேசி, பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கவர்னகிரியோடு திரும்புங்கள். வாங்க என்றால், ஒரு ஊர் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை மட்டும் கேளுங்கள். கேள்வி கேட்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். சொன்னவர் பெயரை எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதட்டும், தேதியைக் கட்டாயம் எழுதட்டும்.